வெளிநாட்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் என்னென்ன இருக்க வேண்டும்

சென்னையில் கிளை திறக்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் பெயர்ப்பலகையைக் கடைசி வேலையாக வைத்துக்கொண்டு, அதை இன்டீரியர் வேலை பார்ப்பவரிடம் விட்டுவிடுவது வழக்கம். அவர் லோகோவைப் பெரிதாக வெட்டி வரவேற்பறைச் சுவரில் பதித்து, பின்னால் ஒரு விளக்கும் வைத்துவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 382-ஆம் பிரிவு கேட்பது வேறு. நிறுவனத்தின் முழுப் பெயர், அது எந்த நாட்டில் பதிவானது, உறுப்பினர்களின், அதாவது பங்குதாரர்களின், பொறுப்பு வரையறுக்கப்பட்டதா (நிறுவனத்தின் கடனுக்கு அவர்களிடம் போட்ட முதலுக்கு மேல் கேட்க முடியாதா) என்ற தகவல் ஆகிய மூன்றும் அலுவலகத்துக்கு வெளியே, எளிதில் கண்ணில் படும்படி, ஆங்கிலத்திலும் அந்தப் பகுதியில் வழங்கும் மொழியிலும் இருக்க வேண்டும். சுவரில் பதித்த லோகோ இதில் ஒன்றைக்கூட நிறைவேற்றுவதில்லை.

இந்த விதி யாருக்காக என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் சிறு வியாபாரி, இடத்தை வாடகைக்கு விடும் உரிமையாளர், வேலைக்குச் சேரும் ஊழியர் ஆகியோருக்குத் தாங்கள் யாரோடு ஒப்பந்தம் செய்கிறோம் என்பது வாசலிலேயே தெரிய வேண்டும். நாளைக்குப் பணம் வராவிட்டால் யார் மீது வழக்குப் போடுவது, அந்த நிறுவனம் எந்த நாட்டுச் சட்டப்படி உருவானது, பங்குதாரர்களிடம் போய்க் கேட்க முடியுமா முடியாதா என்ற மூன்று கேள்விகளுக்கும் பலகையே பதில் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் 595-ஆம் பிரிவாக இதே கட்டாயம் இருந்தது. புதிதாக முளைத்த கெடுபிடி இல்லை இது.

முதலில், உங்களுடையது வெளிநாட்டு நிறுவனமா?

குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான். ஜப்பான் நிறுவனம் ஒன்று 100 சதவீதப் பங்குகளை வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியைத் தொடங்கினால், சட்டத்தின் பார்வையில் அது இந்தியக் கம்பெனி. பணம் டோக்கியோவிலிருந்து வந்தாலும் அது பதிவானது இந்தியாவில். அதற்கு 382 பொருந்தாது, 12-ஆம் பிரிவுதான் பொருந்தும். அந்தப் பிரிவு பெயரோடு பதிவு அலுவலக முகவரியையும் வெளியே எழுதச் சொல்கிறது. லெட்டர்ஹெட்டில் சி.ஐ.என். எண் (கம்பெனியின் பதிவு அடையாள எண்), தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கேட்கிறது.

அதே ஜப்பான் நிறுவனம் துணைக் கம்பெனி எதையும் தொடங்காமல், தன் பெயரிலேயே கிளை அலுவலகமோ, தொடர்பு அலுவலகமோ (வருமானம் ஈட்டாமல் தகவல் தொடர்புக்கு மட்டும்), திட்ட அலுவலகமோ (ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டும்) திறந்தால் அது 2(42)-ஆம் பிரிவின்படி வெளிநாட்டு நிறுவனம். இந்தியாவுக்கு வெளியே உருவாகி, இங்கே ஒரு தொழில் இடத்தை வைத்திருந்து தொழில் நடத்தினால் போதும். அந்த இடம் சொந்தமானதாக இருக்கலாம், ஏஜென்ட் மூலமாக இருக்கலாம், மின்னணு வழியாகவும் இருக்கலாம். வெளிநாட்டு நிறுவனம் இடத்தைத் திறந்த 30 நாட்களுக்குள் எஃப்.சி.-1 என்ற பதிவுப் படிவத்தைக் கம்பெனிகள் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். எஃப்.சி.-1 தாக்கல் செய்ய வேண்டிய நிலையில் நீங்கள் இருந்தால், 382-ஆம் பிரிவுப் பலகையும் உங்களுக்கு உண்டு.

ஒரே கட்டடத்தில் ஒரே குழுமத்தின் இந்தியத் துணைக் கம்பெனியும் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் திட்ட அலுவலகமும் சேர்ந்து இயங்குவது உண்டு. மின் நிலையம், மெட்ரோ போன்ற பெரிய கட்டுமானங்களில் இதைப் பார்க்கலாம். அங்கே இரண்டு பலகைகள் தனித்தனியாக வேண்டும். குழுமத்தின் பிராண்டை மட்டும் போட்டு இரண்டுக்கும் சேர்த்து ஒரே பலகையாக முடித்துவிட்டால், பொருள் சப்ளை செய்பவருக்குத் தன் பில்லை யார் பெயரில் போடுவது என்றே தெரியாமல் போகும். வரி பிடித்தத்திலும் உள்ளீட்டு வரி வரவிலும் (வாங்கியபோது கட்டிய ஜி.எஸ்.டி.யைக் கழித்துக்கொள்வதிலும்) அது சிக்கலாக வந்து நிற்கும்.

பெயர்

பதிவுச் சான்றிதழில் உள்ள பெயர், எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். பிராண்டு பெயர் போதாது, சுருக்கப் பெயரும் போதாது. பின்னொட்டும் பெயரின் பகுதிதான்: ஜெர்மனியின் ஜி.எம்.பி.ஹெச்., பிரான்சின் எஸ்.ஏ., நெதர்லாந்தின் பி.வி., அமெரிக்காவின் இன்க்., சிங்கப்பூரின் பிரைவேட் லிமிடெட் என்று எதுவாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. லோகோவைப் பெரிதாக வைத்து அதன் கீழே முழுப் பெயரை எழுதுவதில் தவறில்லை. ஆனால் லோகோ மூன்றடி, சட்டப் பெயர் அரை அங்குலம் என்று வைத்தால் ‘எளிதில் கண்ணில் படும்படி’ என்ற நிபந்தனை அடிபட்டுப் போகும்.

பெயரின் பின்னால் ‘இந்தியா கிளை’, ‘சென்னை தொடர்பு அலுவலகம்’ என்று சேர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஆனால் அதைத் தனி வரியாக எழுத வேண்டும். பெயரோடு ஒட்டி எழுதினால் அது வேறொரு கம்பெனியின் பெயர்போல் தோன்றும். வெளிநாட்டு நிறுவனம் இங்கே துணைக் கம்பெனி தொடங்கும்போது தாய் நிறுவனத்தின் பெயரோடு ‘இந்தியா’ என்ற சொல்லைச் சேர்த்துப் பதிவு செய்ய விதிகள் இடம் தருகின்றன. அதனால் ‘இந்தியா’ ஒட்டிய பெயரைப் பார்ப்பவர் அதை இந்தியக் கம்பெனி என்றே எடுத்துக்கொள்வார்.

வங்கிக் கணக்கு, பான், லீஸ் ஒப்பந்தம், எஃப்.சி.-1, பலகை ஆகிய ஐந்திலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் ‘அண்ட்’, இன்னொன்றில் அதற்கான குறி, வேறொன்றில் ‘கம்பெனி’ என்பதன் சுருக்கம் என்று மாறியிருந்தால், அதைச் சரிசெய்ய வங்கிக்கு நடந்தே நாள் போகும்.

நாடு

சட்டம் கேட்பது நிறுவனம் பதிவான நாட்டை. தலைமையகம் இருக்கும் நாட்டையோ, பிராண்டு பிறந்த நாட்டையோ அது கேட்கவில்லை. இந்த இடத்தில் தவறு சர்வசாதாரணம். எல்லோரும் ஸ்வீடன் நிறுவனம் என்று அறிந்திருக்கும் ஒன்றின் சென்னைக் கிளையை உண்மையில் திறந்திருப்பது அதன் சிங்கப்பூர் வட்டார நிறுவனமாக இருக்கலாம். அப்படியானால் பலகையில் எழுத வேண்டியது சிங்கப்பூர். மார்க்கெட்டிங் பிரிவு இதை விரும்பாது. ஆனாலும் அப்படித்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் நிறுவனங்கள் மாநிலச் சட்டங்களின் கீழ் உருவாகின்றன. ‘டெலவேரில் பதிவு பெற்றது’ என்று மட்டும் எழுதினால் நாடு இல்லாமல் போகும். ‘டெலவேர், அமெரிக்க ஐக்கிய நாடுகள்’ என்று இரண்டையும் எழுதுங்கள். ஐக்கிய இராச்சியத்திலும் இப்படித்தான். அங்கே பதிவு இங்கிலாந்து–வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து என்று பிரிந்திருக்கிறது. அதைக் குறித்துவிட்டு நாட்டையும் சேர்க்கலாம். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள், கேமன் தீவுகள், ஹாங்காங் போன்றவற்றில் பதிவான நிறுவனங்கள் அந்த இடத்தின் பெயரை மறைத்துவிட்டு லண்டன் என்றோ சீனா என்றோ மட்டும் எழுதக் கூடாது. சான்றிதழில் எந்த இடம் உள்ளதோ அதுவே பலகைக்கும்.

பொறுப்பு வரையறை

இந்தத் தகவலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 382-ஆம் பிரிவின் (இ) உட்பிரிவு, உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்றால் ‘அந்த உண்மையை’ அறிவிக்கச் சொல்கிறது. பெயரிலேயே ‘லிமிடெட்’ இருந்தால் போதாதா என்று கேட்பார்கள். சிங்கப்பூர் கம்பெனிகள் சட்டத்தின் 375-ஆம் பிரிவைப் பாருங்கள். அங்கேயும் இதே கட்டாயம் உண்டு, ஆனால் பெயரின் கடைசிச் சொல் ‘லிமிடெட்’ அல்லது அதற்கான மலாய்ச் சொல் ‘பெர்ஹாட்’ என்றோ அவற்றின் சுருக்கமாகவோ இருந்தால் தனி அறிவிப்பு தேவையில்லை என்று வெளிப்படையாக விலக்குத் தரப்பட்டிருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. விலக்கு எழுதப்படாத இடத்தில் அதை ஊகித்துக்கொள்வது நல்லதல்ல.

ஜி.எம்.பி.ஹெச்., எஸ்.ஏ., இன்க்., ஜப்பானின் கே.கே. போன்ற பின்னொட்டுகள் விஷயத்தில் எந்த விவாதமும் வேண்டாம். அம்பத்தூர்ப் பட்டறைக்காரர் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பங்குதாரரின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்று புரிந்துகொள்வார் என எதிர்பார்க்க முடியாது. ஒரே ஒரு வரி போதும்: ‘உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது’. அதையே ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். பெயரில் ‘லிமிடெட்’ இருந்தாலும் எழுதுங்கள், அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் பலகையில் தமிழ்ப் பகுதி இந்த வரிசையில் வரும்:

(நிறுவனத்தின் முழுப் பெயர்) ஜிஎம்பிஹெச்
பதிவு பெற்ற நாடு: ஜெர்மனி
உறுப்பினர்களின் பொறுப்பு வரையறுக்கப்பட்டது
சென்னைக் கிளை அலுவலகம்

அதன் கீழே இதே நான்கு வரிகள் ஆங்கிலத்தில். நான்காவது வரி சட்டம் கேட்காதது, வசதிக்காகச் சேர்ப்பது.

தமிழும் எழுத்தின் அளவும்

கம்பெனிகள் சட்டம் ஆங்கில எழுத்தையும், ‘அந்தப் பகுதியில் பொதுவாக வழங்கும் மொழி அல்லது மொழிகளில் ஒன்றின்’ எழுத்தையும் கேட்கிறது. எது மேலே, எது கீழே, எது பெரிது என்று அது சொல்வதில்லை. அந்த வேலையை மாநில விதி செய்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆம் விதிப்படி பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழிகள் இருந்தால் அவை தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி ஆகியவற்றுக்கு இடம் 5:3:2 என்ற விகிதத்தில். இரண்டு சட்டங்களையும் ஒரே பலகையில் நிறைவேற்றிவிடலாம். தமிழை மேலே பெரிதாக எழுதி, அதன் கீழே ஆங்கிலத்தை வைத்தால் எதனோடும் எது மோதாது.

கணக்கைப் பாருங்கள். 4 அடி அகலம், 30 அங்குல உயரம் உள்ள பலகையில் மேலும் கீழும் 3 அங்குலம் ஓரம் விட்டால் 24 அங்குலம் மிஞ்சும். இரண்டு மொழிகள் மட்டும் என்றால் 15 அங்குலம் தமிழுக்கு, 9 அங்குலம் ஆங்கிலத்துக்கு. கொரிய எழுத்தோ ஜப்பானிய எழுத்தோ மூன்றாவதாக வருகிறது என்றால் 12, 7.2, 4.8 அங்குலம். லோகோவை ஆங்கிலப் பகுதிக்குள் வைத்தால் ஆங்கிலத்தின் பங்கு கூடிவிடும். அதை ஓரமாகத் தனியே வைப்பதுதான் பாதுகாப்பு.

எழுத்தின் உயரத்தைக் கம்பெனிகள் சட்டம் அங்குலத்தில் சொல்லவில்லை, எளிதில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். பலகை செய்பவர்கள் 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள். மாடியில் உள்ள அலுவலகக் கதவுக்கு இது சரியாக வரும். சாலையைப் பார்த்த தனிக் கட்டடம் என்றால் எதிர்ச் சாரியிலிருந்து தூரத்தை அளந்து முடிவு செய்யுங்கள். நாட்டின் பெயரும் பொறுப்பு வரியும் (பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்று சொல்லும் வரி) நிறுவனத்தின் பெயரைவிடச் சிறிதாக இருக்கலாம், ஆனால் கதவருகே நிற்பவர் குனியாமல் படிக்க முடிய வேண்டும்.

தமிழில் பெயரை மொழிபெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்க்க வேண்டும். சட்டம் கேட்பது எழுத்து வடிவத்தைத்தான். எந்த எழுத்துக்கூட்டல் என்று முதல் நாளே முடிவு செய்து கோப்பில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சென்னைப் பலகையில் ஒரு வடிவமும் கோவைப் பலகையில் இன்னொரு வடிவமுமாக இரண்டு நிறுவனங்கள்போல் ஆகிவிடும்.

அச்சுக் கடையில் நடக்கும் கோளாறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ் வரியை யுனிகோடில் மின்னஞ்சலில் அனுப்பினால், பழைய வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். துணைக்கால் தனியே பிரிந்து நிற்கும். தமிழ் படிக்கத் தெரியாத வடிவமைப்பாளருக்கு அது பிழை என்றே தெரியாது. எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாக அனுப்புங்கள். வெட்டுவதற்கு முன், முழு அளவு அச்சு ஒன்றை எடுத்துத் தமிழ் தெரிந்த ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும். சிறிய அளவில் வினைல் வெட்டினால் ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைபடும். அதனால் மூன்றாவது வரியைப் பொடி எழுத்தில் வைக்காதீர்கள்.

மொழி ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் அலுவலகமும் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் ஸ்ரீ சிட்டியில் திட்ட இடமும் வைத்திருக்கும் நிறுவனம் அங்கே தெலுங்கில் எழுத வேண்டும். மகாராஷ்டிரத்தில் மராத்தி தேவநாகரியில் இருக்க வேண்டும், மற்ற மொழியைவிட எழுத்து சிறிதாக இருக்கக் கூடாது. கர்நாடகத்தில் 2024-இல் வந்த திருத்தத்தின்படி பலகையின் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பகுதியில். தலைமையகம் ஒரே வடிவத்தை எல்லா ஊருக்கும் அனுப்பி ‘இதையே மாட்டுங்கள்’ என்றால் எந்த ஊருக்கும் அது பொருந்தாது.

எங்கே மாட்டுவது

‘தொழில் நடத்தும் ஒவ்வொரு அலுவலகம் அல்லது இடத்தின் வெளிப்புறத்தில்’ என்பது சட்டத்தின் சொல். வரவேற்பறைக்குள் இருக்கும் பலகை வெளிப்புறத்தில் இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், விளக்கை அணைத்தால் தெரியாத பலகையும் சந்தேகத்துக்கு உரியதுதான். தரமணி, பெருங்குடி போன்ற இடங்களின் ஐ.டி. பூங்காக்களில் கட்டட முகப்பில் எதையும் மாட்ட உரிமையாளர் அனுமதிப்பதில்லை. கீழ்த்தளத்தில் எல்லா நிறுவனங்களின் பெயரும் உள்ள பொதுப் பட்டியல் ஒன்று இருக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது நல்லது, ஆனால் அதில் நாடும் இருக்காது, பொறுப்பு வரியும் இருக்காது. உங்கள் தளத்தில், உங்கள் கதவுக்கு வெளியே, பொதுவழியில் நிற்பவருக்குத் தெரியும்படி முழுப் பலகையை மாட்டுங்கள். இதற்கான உரிமையை லீஸ் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவே எழுதிக்கொள்ள வேண்டும். அளவும் இடமும் மொழியும் அதில் இருக்கட்டும். கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால், கட்டடத்தின் ஒரே சீரான தோற்றம் கெடும் என்ற பதில்தான் வரும்.

கோ-வொர்க்கிங் இடம் என்றால் ஏ4 அளவு அக்ரிலிக் பலகையாவது அறைக் கதவில் இருக்க வேண்டும். மேசை மட்டும் வாடகைக்கு எடுத்தவர்கள் வரவேற்பு மேடைக்கு அருகே மாட்ட எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். திட்ட இடங்களில் கண்டெய்னர் அலுவலகத்தின் வாசல்தான் இடம். ஒப்பந்ததாரர்களின் பத்துப் பதினைந்து பலகைகள் வேலியில் தொங்கும் கூட்டத்தில் உங்களுடையதையும் தொங்கவிட்டால் போதாது. ஏஜென்டின் அலுவலகம் வழியாகத் தொழில் நடந்தால் அங்கேயும் பலகை உண்டு. ஏஜென்டின் பெயர் இருக்கிறதே என்று விட்டுவிட முடியாது.

ஃப்ளெக்ஸ் துணியில் அச்சிட்டு மாட்டாதீர்கள். வெயிலில் வெளுத்து, படிக்க முடியாமல் போன நாளிலிருந்து விதிமீறல்தான். அக்ரிலிக், எஃகு, தூள் பூச்சு ஏற்றிய அலுமினியம் இவற்றில் ஏதாவது ஒன்று போதும். மாட்டிய அன்றே தெருவும் பலகையும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம், எழுத்துகள் படிக்கும்படி ஒரு படம் எடுத்துத் தேதியோடு கோப்பில் வையுங்கள். இந்தியக் கம்பெனிகளிடம் 2019-இல் ஐ.என்.சி.-22ஏ படிவத்தில் பதிவு அலுவலகத்தின் படத்தைக் கேட்டதுபோல் வெளிநாட்டு நிறுவனங்களிடம் கேட்கப்படவில்லை. இருந்தாலும் பலகை எந்த நாளிலிருந்து இருக்கிறது என்று காட்ட இதைவிட எளிய ஆதாரம் வேறில்லை.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கிளையாக இருந்தால் இன்னொரு வேலையும் இருக்கிறது. சி.ஜி.எஸ்.டி. விதிகள், 2017-இன் 18-ஆம் விதிப்படி பதிவுச் சான்றிதழை எளிதில் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் நுழைவாயில் பெயர்ப்பலகையில் இருக்க வேண்டும். கூடுதல் தொழில் இடங்களுக்கும் இது உண்டு. முதலிலேயே பலகையின் அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டால், பிறகு தனியாக ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியிருக்காது.

காகிதத்தில்

பலகைக்கு இரண்டு மொழி, காகிதத்துக்கு ஆங்கிலம் மட்டும் போதும். வணிகக் கடிதங்கள், பில் தலைப்புகள், லெட்டர்ஹெட், அறிவிப்புகள், அதிகாரபூர்வ வெளியீடுகள் எல்லாவற்றிலும் பெயரும் நாடும் வர வேண்டும். பொறுப்பு வரியின் பட்டியல் இதைவிட நீளம். அதில் விளம்பரங்களும் முதலீட்டு விளக்க அறிக்கைகளும் சேர்ந்திருக்கின்றன. நாளிதழில் ஆள் தேவை விளம்பரம் கொடுக்கும் கிளை இதைப் பெரும்பாலும் மறந்துவிடும். நடைமுறையில் பெயர், நாடு, பொறுப்பு மூன்றையும் ஒரே அடிக்குறிப்பாகத் தயாரித்து எல்லா வார்ப்புருக்களிலும் வைத்துவிடுவது மேல். எது எந்தப் பட்டியலில் என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

தவறு நடப்பது லெட்டர்ஹெட்டில் அல்ல, மென்பொருள் உருவாக்கும் ஆவணங்களில். இன்வாய்ஸ், பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான் எல்லாம் உலகளாவிய இ.ஆர்.பி. மென்பொருளிலிருந்து (கணக்கு, கொள்முதல் எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள்) வரும். அதன் வார்ப்புரு தலைமையகத்தில் இருக்கும், இந்தியக் கிளைக்குத் தனித் தலைப்பு இருக்காது. திறப்பு நாளுக்கு முன்பே இதற்கான மாற்றுக் கோரிக்கையைப் போட்டுவிடுங்கள். தொடர்பு அலுவலகம் வருமானம் ஈட்டக் கூடாது, அதனால் அதற்கு இன்வாய்ஸ் கிடையாது. ஆனால் கடிதமும் அறிவிப்பும் உண்டு. மின்னஞ்சலில் போகும் வணிகக் கடிதத்தையும் கடிதமாகவே கருதிக் கையெழுத்துப் பகுதியில் மூன்றையும் சேர்ப்பது என் பரிந்துரை. இந்தியாவில் கதவே இல்லாமல் இணையம் வழியாக மட்டும் தொழில் செய்து, அதனால் வெளிநாட்டு நிறுவனம் என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குப் பலகை மாட்ட இடமில்லை. அவர்களுக்கு இந்தக் காகித விதிதான் முழு விதி.

இங்கிருந்து வெளியே போகும் நிறுவனங்களுக்கு

கோவையிலோ திருப்பூரிலோ உள்ள ஒரு பிரைவேட் லிமிடெட் லண்டனில் கிளை திறந்தால் அங்கே அதுதான் வெளிநாட்டு நிறுவனம். அங்கே 2009-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிறுவனங்கள் ஒழுங்குமுறைகள் பொருந்தும். திறந்த ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தொழில் நடக்கும் ஒவ்வொரு இடத்திலும் பெயரையும் நாட்டையும் வருபவர் எளிதில் பார்க்கும்படி வைக்க வேண்டும். சட்ட ஆவணங்களைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவரின் முகவரியிலும் வைக்க வேண்டும் என்பது பலர் கவனிக்காத விஷயம். அந்த இடம் முக்கியமாகக் குடியிருப்பாக இருந்தால் விலக்கு உண்டு. ஆறோ அதற்கு மேற்பட்டோ நிறுவனங்கள் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டால் மாறி மாறிக் காட்டும் திரையைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு பெயரும் தொடர்ந்து 15 விநாடியாவது, மூன்று நிமிடத்துக்கு ஒரு முறையாவது வர வேண்டும். இப்படி நேரக் கணக்கு வரை எழுதி வைத்திருப்பதால் வாதத்துக்கு இடமில்லை. நம் சட்டத்திலும் ஐ.டி. பூங்காக்களுக்கு இப்படி ஒரு விதி வந்தால் நன்றாக இருக்கும்.

அங்கே காகிதத்தில் கேட்பதும் அதிகம். கடிதங்களோடு இணையதளமும் வெளிப்படையாகப் பட்டியலில் இருக்கிறது. தாய்நாட்டில் பதிவு எந்தப் பதிவேட்டில், என்ன எண், தலைமையகம் எங்கே, சட்ட வடிவம் என்ன, பொறுப்பு வரையறுக்கப்பட்டதா என்ற விவரங்களும் வர வேண்டும். இந்தியக் கம்பெனியின் சி.ஐ.என். எண் இங்கே கைகொடுக்கும். சிங்கப்பூரில் பெயரும் உருவான இடமும் ஒவ்வொரு தொழில் இடத்துக்கும் வெளியே இருக்க வேண்டும். நம்மூர் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடியும் பெயருக்கு, முன்னே சொன்ன விலக்கினால், பொறுப்பு வரி தனியாக வேண்டாம். ஹாங்காங்கிலும் பெயரும் உருவான இடமும்தான் அடிப்படை.

மீறினால்

இந்தியாவில், கம்பெனிகள் சட்டத்தின் 392-ஆம் பிரிவின்படி வெளிநாட்டு நிறுவனத்துக்கு 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். மீறல் தொடர்ந்தால் முதல் நாளுக்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 50,000 ரூபாய் வரை கூடும். பொறுப்பான அதிகாரிக்குத் தனியாக 25,000 முதல் 5 லட்சம் வரை. முன்பு ஆறு மாதச் சிறையும் இருந்தது, 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. இந்தியக் கம்பெனி 12-ஆம் பிரிவை மீறினால் நாளுக்கு 1,000 ரூபாய், உச்சம் 1 லட்சம். வெளிநாட்டு நிறுவனத்தின் மீது சட்டம் எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதை இந்த வித்தியாசமே காட்டும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி 393-ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத்தில் வெளிநாட்டு நிறுவனங்களுக்கான அத்தியாயத்தின் எந்த விதியை மீறினாலும் நிறுவனம் செய்த ஒப்பந்தம் செல்லும், அதன் மீது மற்றவர்கள் வழக்குப் போடலாம். ஆனால் அந்த ஒப்பந்தத்தின் பேரில் நிறுவனம் வழக்குத் தொடர முடியாது, எதிர்க்கோரிக்கை வைக்க முடியாது, தனக்கு வர வேண்டியதைக் கழித்துக்கொள்ளக் கேட்க முடியாது. விதிகளை நிறைவேற்றும் வரை இந்தத் தடை நீடிக்கும். எஃப்.சி. படிவங்களையெல்லாம் ஒழுங்காகத் தாக்கல் செய்துவிட்டுப் பலகையில் நாட்டை எழுதாமல் விட்ட நிறுவனத்துக்கும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத் தூக்கிக் காட்டலாம். இது நிரந்தரத் தடை இல்லை, பலகையைச் சரிசெய்தால் விலகிவிடும். ஆனால் காலவரம்பு நிற்காது. ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான். கடைசி மாதத்தில் வழக்கறிஞரிடம் போகும்போது பலகை வேலையும் சேர்ந்துகொண்டால் நெருக்கடிதான். வழக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன்பே எல்லா அலுவலகங்களின் பலகைகளையும் லெட்டர்ஹெட்டையும் ஒருமுறை சரிபார்த்துப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

பெயர் மாறும்போது

தாய் நிறுவனம் பெயரை மாற்றினால், வேறு நிறுவனத்தோடு இணைந்தால், பதிவை இன்னொரு நாட்டுக்கு மாற்றினால் 30 நாட்களுக்குள் எஃப்.சி.-2 (மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். அங்கே பெயர் மாறிய செய்தி இங்கே உள்ள கிளைக்குப் பத்திரிகை அறிக்கை வழியாகத்தான் தெரிய வருகிறது என்றால் அந்த 30 நாளில் பாதி போயிருக்கும். புதிய சான்றிதழின் சான்றளிக்கப்பட்ட பிரதி வரவே காலம் பிடிக்கும், அதை முதலில் கேட்டு வாங்குங்கள். அடுத்து அங்கீகரிக்கப்பட்ட டீலர் வங்கிக்கு (அந்நியச் செலாவணியைக் கையாளும் வங்கிக்கு) தகவல், பான், ஜி.எஸ்.டி. திருத்தம். பலகையை இவை முடியும் வரை தள்ளிப்போட வேண்டாம். பெயர் சட்டப்படி மாறிய நாளிலிருந்து பழைய பலகை தவறான பலகை. தற்காலிகமாக ஒரு அச்சுப் பலகையை மாட்டிவிட்டு நிரந்தரமானதற்கு ஆர்டர் கொடுக்கலாம்.

இந்தியக் கம்பெனிகள் பழைய பெயரை இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் காட்ட வேண்டும் என்று 12-ஆம் பிரிவில் இருப்பதுபோல் 382-இல் இல்லை. இருந்தாலும் ‘முன்பு’ என்று தொடங்கிப் பழைய பெயரைச் சில மாதங்கள் சிறிய எழுத்தில் வைத்திருங்கள். பாக்கிக்காக வரும் சப்ளையர் வாசலில் நின்று திகைக்காமல் இருப்பார். மீதமிருக்கும் பழைய லெட்டர்ஹெட் கட்டுகளையும் பில் புத்தகங்களையும் எண்ணிக் குறித்துக்கொண்டு ஒரே நாளில் திரும்பப் பெறுங்கள். கிளையில் பெயர் மாறிவிட்டாலும், திட்ட இடத்தின் ஸ்டோர் அறையில் பழைய டெலிவரி சலான் புத்தகத்திலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.